சிவப்பு மை காத்திருக்கட்டும்

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் ஒரு கேள்வி உண்டு. படம் ஒன்றைக் கொடுத்து, 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்பார்கள். பாடநூலைத் தயாரித்தவர்கள் நல்ல எண்ணத்தோடு வைத்த கேள்வி. பார்த்ததை, மனதில் பட்டதைப் பிள்ளை தன் சொல்லில் எழுதட்டும் என்பதுதான் நோக்கம். நடப்பது வேறு. எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற மாதிரி நான்கைந்து வரியில் ஒரு பொதுக் கவிதை தேர்வுக்கு முன்பே மனப்பாடம் ஆகிவிடுகிறது. வெட்டுப்பட்ட மரத்தின் படம் என்றாலும் அதே வரிகள், தெருவோரத்தில் பசியோடு நிற்கும் சிறுமியின் படம் என்றாலும் அதே வரிகள். படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. டியூஷனில் சொல்லிக்கொடுக்கிறார்கள், யூடியூபில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பிள்ளைகள்மேல் தப்பு ஒன்றுமில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவர்கள் எழுதியதெல்லாம் பிறர் எழுதியதைத்தான். கரும்பலகையில் இருப்பதை நோட்டுக்கு மாற்றினார்கள். நோட்ஸில் இருப்பதை விடைத்தாளுக்கு மாற்றினார்கள். கையெழுத்து நோட்டில் ஒரே வரியைப் பத்து முறை எழுதினார்கள். இப்படிப் பத்து வருடம் பழகிய கையிடம், 'உனக்குத் தோன்றியதை எழுது' என்றால் அது எதைப் பார்த்து எழுதும்?

இந்தக் கேள்வியைத் தாராபுரத்தில் வைத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. ஆர். சண்முகசுந்தரம் 1917இல் பிறந்தது தாராபுரம் பக்கத்துக் கீரனூரில். 1942இல் வந்த அவருடைய 'நாகம்மாள்', தமிழில் வட்டார நாவல் என்ற வகைக்கே முன்னோடி என்று விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள். கொங்குக் குடியானவர்கள் வாய்க்காலோரம் எப்படிப் பேசினார்களோ அப்படியே அச்சில் பேசினார்கள். 2000இல் பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதியே தொகுத்தார். பக்கத்து வெள்ளகோவில் பகுதியைச் சேர்ந்த தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்கு 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. இந்த மண்ணின் பேச்சு இலக்கியத்தில் தலைநிமிர்ந்து நின்று எண்பது வருடமாகிறது. அதே மண்ணின் வகுப்பறையில் ஒரு பிள்ளை, 'எங்க ஊட்டுக்கு ஒறம்பர வந்தாங்க. அப்புச்சி முறுக்கு வாங்கியாந்துச்சு' என்று எழுதினால் என்ன ஆகும்? 'ஊட்டுக்கு' வட்டமிடப்படும். 'ஒறம்பர' அடிக்கப்படும். 'அப்புச்சி'க்கு மேல் 'தாத்தா' ஏறும். கடைசியில் நோட்டில் மிஞ்சுவது, 'எங்கள் வீட்டிற்கு விருந்தினர் வருகை புரிந்தனர்.' இலக்கணம் சரி. ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டில் அப்படி யாரும் வருகை புரிவதில்லை. அடுத்த முறை அது அப்புச்சியைப் பற்றி எழுதாது.

பொது எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கற்றுத்தருவது பள்ளியின் கடமை. நாளை விண்ணப்பம் எழுத, போட்டித் தேர்வு எழுத, புத்தகம் படிக்க அது வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இத்தனை தூரம் உள்ள நம் மொழியில் ஏழைப் பிள்ளைக்கு அந்தத் தமிழைப் பள்ளி தராவிட்டால் வேறு யாரும் தரப்போவதில்லை. என் வழக்கு வரிசையைப் பற்றியது. முதலில் பிள்ளைக்குச் சொல்ல ஒரு சேதி வேண்டும். அதைத் தனக்குத் தெரிந்த சொல்லில் அது தாளில் இறக்க வேண்டும். திருத்தம் அதற்கப்புறம் வரட்டும். நாம் திருத்தத்தை முதலில் வைக்கிறோம். அதனால் சேதி வெளியே வருவதே இல்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005 இதைத்தான் எச்சரித்தது. எல்லாப் பிள்ளைகளும் சரியாகவே எழுத வேண்டும் என்று அடம்பிடித்தால், சொந்த எண்ணத்தை எழுத்தில் சொல்லும் ஆசையே அடைபட்டுவிடும் என்று அதில் இருக்கிறது. அறிக்கை வந்து இருபது வருடம் கடந்துவிட்டது.

போனஸ் வராத தீபாவளி

தாராபுரத்திலிருந்து திருப்பூர் சுமார் 50 கிலோமீட்டர். இந்த வட்டாரத்துக் கிராமங்களில் காலையில் பனியன் கம்பெனி வண்டி வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். ஒண்ணரை ஷிப்ட் ஓடினால் பன்னிரண்டு மணி நேரம். அம்மா வீடு திரும்பும்போது பிள்ளை பாதித் தூக்கத்தில் இருக்கும். சிங்கர், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங் என்று எந்த வேலைக்கு என்ன பெயர் என்பது நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். சனிக்கிழமைச் சம்பளம் தெரியும். ஆர்டர் இல்லாத வாரம் வீட்டில் குரல்கள் எப்படி மாறும் என்பதும் தெரியும்.

கம்பெனிக்குப் போகாத வீடுகளில் வேறோர் அறிவு இருக்கிறது. கிளுவை வேலி கட்டிய கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் எந்தப் படலைத் திறந்தால் ஆடு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மூலனூர்ப் பக்கம் முருங்கைக் காய் பறித்து எடை போடத் தெரிந்த பிள்ளைகள், வீட்டுக்குப் பின்னாலேயே காற்றாலை சுற்றும் சத்தத்தில் தூங்கிப் பழகிய பிள்ளைகள், அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்ததை ஓடிவந்து சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ அப்பா அம்மாவோடு வந்து, இரண்டே வருடத்தில் கொங்குத் தமிழில் சண்டை போடுகிற பிள்ளைகளும் இந்த வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு நாம் கொடுக்கும் தலைப்புகள் நூலகத்தின் பயன், மரம் வளர்ப்போம், நான் விரும்பும் தலைவர், தீபாவளித் திருநாள். தீபாவளிக் கட்டுரையில் நரகாசுரன் வருவான், எண்ணெய்க் குளியல் வரும், முன்னுரை முடிவுரை வரும். போனஸ் வராது. திருப்பூர் வட்டாரத்தில் தீபாவளி என்றாலே போனஸ்தான். எத்தனை சதவீதம், என்றைக்குக் கொடுக்கிறார்கள், கொடுத்ததும் எந்தக் கடன் அடையும், மிஞ்சியதில் யாருக்குத் துணி என்று ஒரு மாதம் வீடே அதைப் பேசுகிறது. காது கொடுத்துக் கேட்ட பிள்ளைக்கு அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுத விஷயம் இருக்கிறது. எழுதலாம் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை. அம்மா தைத்த சட்டை கப்பலேறிப் போகிறது. அந்தச் சட்டையைப் பற்றி எழுத வேண்டியதும் அந்தப் பிள்ளைதான்.

அச்சு இயந்திரத்தோடு வந்த வாத்தியார்

உலகத்தில் இதைச் செய்து காட்டியவர்களில் நான் முதலில் சொல்வது செலஸ்தேன் பிரெனே என்கிற பிரெஞ்சு ஆசிரியரை. 1896இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பினார். 1920இல் தென் பிரான்சின் பார்-சுர்-லூப் என்ற சிற்றூரில் வேலைக்குச் சேர்ந்தார். மணிக்கணக்கில் நின்று பாடம் நடத்த அவருக்கு மூச்சு இல்லை. வகுப்பு வாத்தியாரின் குரலை நம்பி இல்லாமல் எப்படி நடக்கும் என்ற தேவையிலிருந்து அவருடைய முறை பிறந்தது. பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். தச்சர், நெசவாளர், விவசாயி வேலை செய்வதைப் பார்த்தார்கள். திரும்பி வந்து பார்த்ததைப் பேசினார்கள், எழுதினார்கள். 1924வாக்கில் வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறு கை அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்.

அவருடைய முறையில் நாம் கவனிக்க வேண்டியது இந்த வரிசை. பிள்ளை எதைப் பற்றி வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் எழுதும். எழுதியதை வகுப்பில் வாசிக்கும். எது அச்சுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்வான எழுத்தைக் கரும்பலகையில் எழுதி, எழுதிய பிள்ளையையும் வைத்துக்கொண்டு எல்லோருமாகச் செப்பனிடுவார்கள். எழுத்துப்பிழை திருத்துவது, வாக்கியத்தை நேராக்குவது எல்லாம் அப்போதுதான். பிறகு ஈய எழுத்துகளைப் பிள்ளைகளே அடுக்கி அச்சடிப்பார்கள். அச்சான தாள் பிரிட்டனிக் கடற்கரையில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் போகும். அங்கிருந்து பதில் வரும். ஆக, திருத்தம் அங்கேயும் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் படிக்கப்போகிறார் என்பதற்காகப் பிள்ளையே அதை விரும்பிச் செய்தது.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இன்னும் கீழே, முதல் சொல்லிலிருந்தே தொடங்கினார். 'டீச்சர்' என்ற அவருடைய புத்தகம் 1963இல் வந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும், இன்றைக்கு உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்பார். பிள்ளை கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் அந்த அட்டையை அடையாளம் தெரிந்தால் அது பிள்ளைக்குச் சொந்தம். தெரியாவிட்டால் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார், பிள்ளையைத் திட்ட மாட்டார். பாடப்புத்தகத்துச் சொல் நினைவில் நிற்காத பிள்ளைகளுக்கு, பயத்தோடும் பாசத்தோடும் ஒட்டிய சொற்கள் ஒரே நாளில் நின்றன.

இத்தாலியில் பார்பியானா என்ற மலைக்கிராமத்தில், தேர்வில் தோற்றுப் பள்ளியைவிட்டு விலக்கப்பட்ட குடியானவப் பிள்ளைகளுக்கு லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோற்கடித்த ஆசிரியைக்குக் கடிதமாக எழுதிய புத்தகம் 1967இல் வெளிவந்து உலகமெல்லாம் போனது. தமிழிலும் வந்திருக்கிறது. அவர்கள் எழுதிய விதம் எந்த அரசுப் பள்ளியிலும் செய்யக்கூடியது. ஒரு எண்ணத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. சீட்டுகளைப் பரப்பி, ஒரே விஷயம் உள்ளவற்றை ஒன்று சேர்ப்பது. திரும்ப வந்ததைக் கிழித்துப் போடுவது. அடுக்கி, வாசித்து, வேண்டாத சொல்லை வெட்டுவது. இதற்குச் செலவு பழைய நோட்டுத் தாள் மட்டும்தான்.

நமக்கு அச்சு இயந்திரமும் வேண்டாம். கையெழுத்துப் பத்திரிகை தமிழ்நாட்டில் எத்தனையோ எழுத்தாளர்களுக்கு முதல் படியாக இருந்தது. வெள்ளைத்தாளை மடித்து, ஊசிநூலில் தைத்து, வகுப்புக்கு ஒரு இதழ் மாதம் ஒருமுறை கொண்டுவரலாம். தாராபுரத்துப் பள்ளி ஒன்று நாகப்பட்டினத்துக் கடலோரப் பள்ளி ஒன்றோடு இதழ் மாற்றிக்கொள்ளட்டும். கொரங்காட்டைப் பற்றிப் படித்த மீனவப் பிள்ளை, வேலிக்குள் ஆடு ராத்திரி என்ன செய்யும் என்று கேட்டு எழுதும். அதற்குப் பதில் எழுத உட்காரும் பிள்ளை, தன் எழுத்துப்பிழையைத் தானே பார்த்துக்கொள்ளும். போபாலிலிருந்து ஏகலவ்யா அமைப்பு 1985இல் தொடங்கிய 'சக்மக்' இந்தி இதழ், பிள்ளைகளே எழுதி வரைவதற்கென்று பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் 2022இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் மாநிலத்துக்கு ஒரு இதழில் எத்தனை பிள்ளைக்கு இடம் கிடைக்கும்? வகுப்புக்கு ஒரு இதழ் இருந்தால்தான் கடைசி பெஞ்சுப் பிள்ளையின் பெயரும் அதில் வரும்.

உண்மையை எழுதினால்

இதைச் சொல்லும்போது பல ஆசிரியர்களிடம் ஒரு தயக்கம் தெரியும். பிள்ளைகளைத் தாராளமாக எழுதவிட்டால் எல்லாம் எழுதும். அப்பா குடித்துவிட்டு வந்ததை எழுதும். தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் வைத்த கடையை எழுதும். பக்கத்து வீட்டு மாமாவைப் பற்றி, யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதும். அந்தத் தயக்கம் நியாயமானது. அதனால் இதை நீட்டியே சொல்ல வேண்டும்.

பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' 2013இல் வெளிவந்தது. அவரோடு இலக்கியம் பேசிய, பெரும்பாலும் அவரிடம் படித்த இளைஞர்கள் 32 பேர், சாதி தங்கள் வாழ்க்கையில் எப்படி நுழைந்தது என்று எழுதிய கட்டுரைகள். சாதியால் அடிபட்டவர்கள் எழுதினார்கள். சாதியால் பலன் பெற்றவர்களும் வெட்கத்தோடு எழுதினார்கள். கொங்கு நாட்டில் இப்படி ஒரு புத்தகம் வர முடிந்ததற்குக் காரணம், எழுதுங்கள், நான் படிக்கிறேன் என்று சொன்ன ஓர் ஆசிரியர். அதே ஆசிரியர் 2015 ஜனவரியில், தன் நாவல் ஒன்றுக்கு எழுந்த எதிர்ப்பால், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் வந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அவர் மறுபடி எழுத வேண்டும் என்று சொல்லி முடிந்தது. எழுத்துக்குப் பெரியவர்களே இப்படி விலை கொடுக்கும் ஊரில், பிள்ளையின் நோட்டுக்குக் காவல் இருக்க வேண்டியது ஆசிரியர்.

அந்தக் காவல் எப்படி இருக்க வேண்டும்? நோட்டில் எழுதியதைப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வகுப்பில் வாசிக்கக் கூடாது. ஆசிரியர் அறையில் சிரித்துப் பேசக் கூடாது. 'உன் பையன் இப்படி எழுதியிருக்கிறான்' என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டக் கூடாது. காட்டினால் அன்று ராத்திரி அந்தப் பிள்ளைக்கு அடி விழும், மறுநாள் முதல் வகுப்பு முழுக்க மறுபடியும் மரம் வளர்ப்போம் என்று எழுத ஆரம்பித்துவிடும். பாலியல் தொந்தரவுக்கான அடையாளம் தெரிந்தால் மட்டும் இரகசியம் என்பது கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் எழுதியிருந்தால் போதாது. தன் துன்பத்தைச் சொல்ல ஒரு பக்கம் இருக்கிறது, படிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளை வாய் திறக்கும். பல வருடம் மூடிக் கிடந்த கொடுமைகளை முதலில் வெளியே கொண்டுவர ஒரு கட்டுரை நோட்டால் முடியும்.

வேலைப்பளுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எமிஸ் இணையப் பதிவு, பயிற்சிக் கூட்டம், தேர்தல் வேலை எல்லாம் போக ஆசிரியருக்கு எங்கே நேரம் என்று கேட்பார்கள். தினம் பத்து நிமிடம் போதும். அந்த நேரம் ஆசிரியரும் உட்கார்ந்து எழுதட்டும். வாத்தியார் எழுதி, அடித்து, யோசித்து, திரும்ப எழுதுவதைப் பார்க்காத பிள்ளைக்கு, எழுத்து என்பது தவறே இல்லாமல் வந்து விழுவது என்ற எண்ணம் போகாது. எல்லா நோட்டையும் அன்றே படிக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்து படித்தால் 35 பேர் உள்ள வகுப்பு ஏழு பள்ளி நாளில் முடிந்துவிடும். படித்து முடித்ததும் 'நன்று' என்று கையெழுத்துப் போடாமல் ஒரு கேள்வி எழுதுங்கள். 'பிறகு அந்தக் குட்டி என்ன ஆச்சு?' 'அம்மா வர லேட்டானால் யார் சோறு போடுவார்கள்?' அடுத்த நாள் நோட்டில் பதில் இருக்கும், பதிலோடு இன்னும் நாலு வரி இருக்கும். லகர ழகர ளகரக் குழப்பம், ஒற்றுப் பிழை எல்லாவற்றையும் நீங்கள் தனியாகக் குறித்து வைத்து, வெள்ளிக்கிழமை ஒரு பீரியடில், யார் நோட்டு என்று சொல்லாமல், ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக் கற்பிக்கலாம். தமிழ் இன்னும் எழுத வராத ஒடியா, இந்திப் பிள்ளை தன் மொழியில் எழுதட்டும், அல்லது வரைந்துவிட்டு வாயால் சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளை அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கும்.

இந்த நோட்டுக்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் வைத்த அன்றே அதற்கும் நோட்ஸ் வந்துவிடும். பாடநூலின் 'மொழியோடு விளையாடு' பகுதிக்கே விடை அச்சடித்து விற்கிறார்கள். பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வும் வாசிப்பையும் கணக்கையும்தான் சோதிக்கிறது, சொந்தமாக எழுத வருகிறதா என்று பார்ப்பதில்லை. அளக்காத ஒன்றைக் கற்பிக்க ஆசிரியரின் சொந்த அக்கறையைத் தவிர வேறு தூண்டுதல் இன்று இல்லை.

ஆனால் சட்டம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளையைப் பயத்திலிருந்தும் பதற்றத்திலிருந்தும் விடுவித்து, தன் கருத்தைத் தடையின்றிச் சொல்ல உதவ வேண்டும் என்று கலைத்திட்டத்துக்கு விதிக்கிறது. இது சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டியது இல்லை.

தாராபுரத்திலும் குண்டடத்திலும் மூலனூரிலும் அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பான்மை. அவர்களில் பலர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தாய்மார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிப் பேசி முடித்ததும், கலைந்து போகும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: 'டீச்சர், எம்புள்ள இந்த மாசம் தானா யோசிச்சு எழுதுனது ஏதாச்சும் இருந்தா காட்டுங்க.' காட்ட ஒன்றும் இல்லை என்றால் கோபப்படாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்து, அடுத்த மாதம் மறுபடியும் கேளுங்கள்.